மாப்பிள்ளைப் பட்டறை

அரக்கோணத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே வண்டியின் குரல் மாறிப்போயிருந்தது ஜெயம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் சாக்கை விரித்துக் கரி உடைத்துக்கொண்டிருந்தாள் அவள். முன்பெல்லாம் வண்டி தெருமுனை திரும்பினால் நெல் மிஷினில் பெல்ட் ஓடுகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். அன்றைக்கு இரண்டு இருமல், ஒரு விக்கல், மறுபடி இரண்டு இருமல். சுத்தியல் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாங்க, இதுக்கு இன்னா ஆச்சு?" என்றாள், தணிகாசலம் இறங்குவதற்கு முன்பே.

"கரி கேஸ் பூட்டினா சத்தம் கொஞ்சம் மாறும்தான். மாப்பிள்ளையே சொன்னாரு."

"கொஞ்சமா மாறிகீது?"

"நீ இன்னா மெக்கானிக்கா? மொதல்ல தண்ணி கொண்டா."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சொம்பை வாங்கும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அதையும் அவள் கவனித்தாள்.

திருத்தணியில் அந்த வண்டிக்குக் குள்ளக்காரு என்று பெயர். வெள்ளாடு பக்கத்தில் வந்து நின்றால் ஆட்டின் முதுகும் வண்டியின் கதவும் ஒரே உயரமாக இருக்கும். இரண்டே சீட்டு. குங்குமச் சிவப்பு. நகரிக்கு அந்தப்பக்கத்து ஜமீனில் சின்ன ஐயா பட்டணத்தில் பந்தயம் ஓட்டுவதற்கென்று சீமையிலிருந்து வரவழைத்தது. தணிகாசலம் அங்கே டிரைவர். சின்ன ஐயா ஓட்டுவார்; இவன் துடைப்பான், எண்ணெய் விடுவான், பிளக்கு கழற்றிப் பூட்டுவான். சண்டை மூண்டு சின்ன ஐயா பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது சாவியை இவன் கையில் போட்டு, "உன் மாதிரி இத எவன் பாத்துப்பான்? நீயே வெச்சிக்கோடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுதியும் கொடுத்தார். ஆனால் பெட்ரோலை யார் கொடுப்பது? கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டு கிடையாது. வண்டி கீற்றுக்கொட்டகையில் நின்றது. சீட்டில் கோழி முட்டை வைத்தது.

அப்போதுதான் ஜெயம்மாவுக்கும் அந்த வண்டிக்கும் உறவு ஏற்பட்டது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கையும் குடத்தையும் புளி போட்டுத் துலக்கிவிட்டு, மிச்சப் புளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். பானெட்டைத் தூக்கி, உள்ளே பித்தளையாக எது தெரிந்தாலும் தேய்ப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் பளபளப்பாக வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது என்று அவளுக்கே தோன்றும். உடனே அந்த நினைப்பைத் துடைத்துப் போட்டுவிடுவாள். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது மேக்னெட்டோ. பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கிற பெட்டி அது. அகலமான பித்தளைப் பட்டை ஒன்று அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். "இது நல்லா இருந்தா வண்டி நல்லா இருக்கும். இது போச்சுன்னா வெறும் தகரம்" என்று தணிகாசலம் ஒருநாள் சொன்னான்.

பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவன் தெருவில் வந்தபோது, அவள் இரண்டு சொம்பையும் ஒரு தவலையையும் கொடுத்துவிட்டு, "இதுலயும் வெட்டுப்பா" என்று அவனைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தணிகாசலத்துக்கு வெட்கமாகிவிட்டது.

"மோட்டாருக்குப் பேர் வெட்டுவாங்களா? ஊர் சிரிக்கும்டி!"

"சொம்புக்கு வெட்டினா சிரிக்கல, இதுக்கு மட்டும் சிரிக்குதா?"

"எக்கேடோ கெட்டுப்போ. வெளிய தெரியாத எடமா வெட்டச் சொல்லு."

பட்டையைக் கழற்றி, அடிப்பக்கமாக வருகிற இடத்தில் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் 'தணிகாசலம்' என்று வெட்டிக் கொடுத்தான். பூட்டிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கை விட்டுத் தடவினால் தெரியும்.

வாடகைக்கு ஓட்டலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். பஸ்ஸெல்லாம் கரி கேஸில் ஓடும்போது இது ஏன் ஓடாது? பின்னால் கரி எரிக்கிற பீப்பாயைப் பொருத்தி, டிக்கியை வெட்டி இரண்டு பேர் உட்கார பலகை போட்டு, எஞ்சினைக் கரிப்புகைக்குத் தக்கபடி திருப்பி வைத்தால், ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கும் நகரி, புத்தூருக்கும் ஓட்டலாம். தணிகாசலம் சித்தூருக்கு நடையாய் நடந்து பர்மிட் வாங்கினான். இனி வேண்டியது நம்பி விடுவதற்கு ஒரு பட்டறை.

அது அவ்வளவு லேசாக இல்லை. பட்டணத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் வாசல் சேவகன் வண்டியைப் பார்த்து சலாம் வைத்தான். உள்ளேயிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் வைத்த சலாமைத் திருப்பி வாங்கிக்கொண்டவன் மாதிரி முறைத்தான். புத்தூர் பட்டறைக்காரன் கசாப்புக்காரன் ஆட்டின் முதுகைத் தடவுகிற மாதிரி பானெட்டைத் தடவி, "எஞ்சின எனக்கு உட்டுடு. லாரி எஞ்சின் ஒண்ணு கீது, அத வெச்சித் தரேன். உனக்கு எதுக்கு இது?" என்றான். இன்னொரு இடத்தில், பட்டறைக்காரன் கைபட்ட வண்டிகள் பட்டறைக்குப் பின்னால் முள்ளுச்செடி முளைத்து நின்றன.

வேலூருக்கு ஜெயம்மாவும் கூடப் போனாள். தங்கவேல் என்பவருடைய பட்டறை. உள்ளே, வண்டி நிறுத்துகிற குழிக்குப் பக்கத்தில், ஒரு முக்காலி கிடந்தது.

"இது யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"வண்டிக்காரர் குந்தறதுக்கு. கழட்டற சாமான ஒண்ணொண்ணா உங்க கையில குடுத்துடுவேன். நீங்க கூடையில வெச்சிக்கோங்க. நான் கேக்கும்போது எடுத்துக் குடுங்க. உங்க பொருள் உங்க கையிலயே இருந்தா, நாளைக்கு நீங்களும் என்ன கேக்க வேணாம், நானும் உங்களுக்குப் பதில் சொல்ல வேணாம்."

"எத்தினி நாள் குந்தணும்?"

"முடியறவரைக்கும்மா. எதிர்ல சத்திரம் கீது. சோறு நல்லா இருக்காது, ஆனா சூடா இருக்கும்."

ஜெயம்மாவுக்கு அந்த முக்காலி மனசில் உட்கார்ந்துவிட்டது. ரயிலில் திரும்பும்போதே, "இங்கியே உட்டுடலாங்க" என்றாள். தணிகாசலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"சுலோச்சனா வூட்டுல இன்னா நெனைப்பாங்க?" என்றான் கடைசியில்.

சுலோச்சனா அவன் தங்கை. நைனாவும் அம்மாவும் போன பிறகு இவனே வளர்த்துக் கட்டிக் கொடுத்தவள். அவள் புருஷன் வரதராஜனுக்கு அரக்கோணத்தில் வீட்டை ஒட்டினாற்போல மோட்டார் பட்டறை.

"சொந்த மாப்பிள்ளை பட்டறை வெச்சிகினு கீறாரு. அத உட்டுட்டு வேலூருக்குப் போனா, நம்மளத் திருடன்னு நெனச்சிட்டான் பாரு மச்சான்னு சொல்ல மாட்டாரா? அது மாமியா எல்லம்மாளப் பத்தி உனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ண தெனமும் குத்திக்காட்டுமே."

"சரி, அங்கியே உடுங்க. ஆனா கூட இருந்து பாருங்க."

"பொண்ணு குடுத்த வூட்டுல போயி நாள் கணக்கா குந்திகினு இருக்கச் சொல்றியா? அவர் வேலைய நாம காவல் காக்கற மாதிரி ஆவாதா?"

ஆகத்தான் ஆகும். அதனால் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு ஜோடி வேட்டி இவற்றோடு வண்டியைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். என்ன செய்யப்போகிறார், எதைக் கழற்றுவார், எப்போது முடியும் என்று எதையும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை அரக்கோணம் போவான். தெருக்கோடியில் நின்று பட்டறைச் சத்தத்தைக் கேட்பான். ஸ்டேஷனில் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். வீட்டுக்குள் போனால் சாப்பிடச் சொல்வார்கள். சாப்பிட்டால் எல்லம்மாள் கணக்கு வைத்துக்கொள்வாள். இதைக் கேட்டபோது ஜெயம்மாவுக்கு அவன்மேல் பரிதாபம்தான் வந்தது. கோபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் பரிதாபப்பட்டது தன் தப்பு என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் கொள்ளவில்லை. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரை மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக ஜனம் நெரிந்தது. தணிகாசலம் ஓட்டினான். ஜெயம்மா பின்னால் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றாள். நெருப்பு மூட்டுவதும், விசிறியைக் கையால் சுற்றுவதும், சல்லடையில் சலித்த கரியை எலுமிச்சம்பழம் அளவாகப் பார்த்துப் போடுவதும் அவள் வேலை. தூள் விழுந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஈரக்கரி விழுந்தால் புகை கண்ணைக் கரித்துவிடும். விடிந்ததிலிருந்து சுற்றிச் சுற்றி அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. வியர்வையில் கரி ஒட்டி, முழங்கை வரை கறுப்பாகியிருந்தது.

கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த கௌரியம்மாள் என்கிற பெரியம்மா, மகன், மருமகள், ஒரு காவடி. ஊருக்கு வெளியே ரோட்டிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு, மூன்று பேருக்கும் ஒரு காவடிக்கும் இடம் பண்ணி உட்கார வைத்தார்கள். நந்தியாற்றங்கரை மேட்டில் பாதி ஏறியதும் வண்டி விக்கியது, நடுங்கியது, நின்றது. பின்னால் உருளவும் ஆரம்பித்தது.

"எறங்குங்க, எறங்குங்க!" என்று கத்தினான் தணிகாசலம்.

எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். காவடியோடு போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கௌரியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளியபடியே சொன்னாள்:

"முருகா, காவடி தூக்கறேன்னுதாண்டா வேண்டிக்கினேன். காரத் தூக்கறேன்னு வேண்டிக்கலையேடா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெயம்மாவும் சிரித்திருப்பாள், தள்ளுகிற கைகளில் ஒன்று தன்னுடையதாக இல்லாதிருந்தால். அங்கே நின்றிருந்த மோட்டார் இன்ஸ்பெக்டர் தணிகாசலத்தைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஆட்களோடு மேட்டில் பின்னால் உருண்டால் பர்மிட்டைப் பிடுங்கிவிடுவேன் என்றார்.

மேட்டுக்கு மேலே நிழலில் வண்டியை நிறுத்தி, கந்தல் துணியோடு ஜெயம்மா பானெட்டைத் தூக்கினாள். பட்டறையிலிருந்து வந்த பிறகு கரி உடைப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. புளி போட்டுத் தேய்க்க அவளுக்குப் பொழுதில்லை. துணி மேக்னெட்டோவிடம் போயிற்று. கை தானாக அடிப்பக்கம் நழுவியது. வழவழவென்றிருந்தது. இன்னொரு முறை தடவினாள். மஞ்சள் வர்ணம் பூசிய இரும்புப் பட்டை. கல்யாண வீட்டில் ஊர்ப் பாத்திரமெல்லாம் குவிந்து கிடந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தன் சொம்பை எடுத்துவிடுகிற விரல்கள் அவை. அவற்றுக்குச் சந்தேகமில்லை.

"ஏங்க, இது நம்மது இல்ல."

"வாய மூடு. ஜனம் பாக்குது."

அன்றைக்கு மத்தியானம் வரதராஜன் கிருத்திகை விருந்துக்கு வந்தான். கூட்டத்தில் வேண்டாமென்று அம்மா சொல்லிவிட்டதால் சுலோச்சனாவை அழைத்து வரவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள். தன் சொந்த டாக்ஸியை ஓட்டிக்கொண்டு வந்தான். அதுவும் கரி கேஸ் வண்டிதான். தெருமுனை திரும்பும்போது நெல் மிஷினில் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்ற ஜெயம்மா, தன் வண்டிதான் வருகிறதென்று ஒரு கணம் வாசலுக்கு ஓடினாள்.

ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததைப் போட்டுச் சோறு, வள்ளிக்கிழங்கு வறுவல், காராமணிக் குழம்பு, வெல்லப் பாயசம். புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குக் கேழ்வரகுக் களியைத் தனியாகக் கிண்டி மூடி வைத்திருந்தார்கள்.

"மச்சான், வண்டி எப்படி ஓடுது?" என்றான் வரதராஜன், இலையைப் பார்த்துக்கொண்டே.

"ஓடுது மாப்பிள்ளை. மேட்டுலதான் கொஞ்சம்…"

"ஆங், அது அப்படித்தான் இருக்கும். பந்தயக் குதிரைய கொண்டாந்து ஏத்தத்துல பூட்டினா அது இழுக்குமா? எஞ்சினே கரிக்கு ஒத்துக்காது. நானா இருக்கங்காட்டி இந்த அளவுக்குக் கொண்டாந்தேன். வேற எவன்கிட்டியாவது உட்டிருந்தீங்க, மொத்தத்தையும் முழுங்கியிருப்பான்."

"அது நெசந்தான்" என்றான் தணிகாசலம்.

ஜெயம்மா பாயசக் கரண்டியோடு நின்றாள். நாக்கின் நுனியில் வந்து நின்றது கேள்வி. நாத்தனார் புருஷனை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். "அண்ணா" என்று ஆரம்பித்தாள். தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தான். அதட்டுகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வை. அதட்டியிருந்தால் அவள் கேட்டிருப்பாள்.

"…இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

ஊற்றினாள். ஊற்றும்போது தன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது. யாருடைய சிரிப்பு அது? எங்கிருந்து வந்து தன் முகத்தில் ஒட்டிக்கொண்டது? அவன் போன பிறகு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"நம்ம மேக்னெட்டோ அவரு டாக்ஸியில கீது. நீங்க சத்தத்த கேட்டீங்களா இல்லியா?"

தணிகாசலம் துண்டை உதறிப் போட்டுப் படுத்தான். "கேட்டேன்."

"அப்ப?"

"வண்டிய எடுக்கப் போன அன்னிக்கே பாத்துட்டேன், ஜெயா. மொத ஹேண்டில் போடும்போதே தெரிஞ்சிபோச்சு."

திருடு போனதைவிட இது பெரிதாக இருந்தது. இத்தனை நாளும், விசிறி சுற்றும்போதும், கரி சலிக்கும்போதும், 'கரி சரியில்லையோ, என் கைதான் சரியில்லையோ' என்று அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கரி ஈரமா கீதுன்னு என்ன எத்தினி வாட்டி திட்டினீங்க?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நல்லா தெரிஞ்சிகினே திட்டினீங்களா?"

"நான் இன்னா பண்ணச் சொல்ற? கேட்டா, நாளைக்கே அந்தப் பொண்ணு மூட்டையோட வாசல்ல நிக்கும். வயித்துல புள்ளையோட."

இந்த இடத்துக்கு வந்தால் பேச்சு முட்டி நின்றுவிடும். சுலோச்சனாவின் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாருக்கும் வாயில்லை. திருடியவனுக்கு அந்தப் பெயர் ஒரு பூட்டு. திருடு கொடுத்தவனுக்கு அதுவே போர்வை. ஜெயம்மா கொல்லையில் போய்க் கரியை உடைத்தாள். அன்றைக்கு உடைத்ததெல்லாம் தூளாகிவிட்டது.

அதற்கப்புறம் மேட்டுப் பக்கமே போகாமல் ஸ்டேஷனுக்கும் அடிவாரத்துக்கும் மட்டும் ஓட்டினார்கள். நகரிக்குப் போகிறவர்கள் குதிரை வண்டிக்குப் போய்விட்டார்கள். கரி கொண்டுவந்து போடுகிற கண்ணையன், சாக்கை இறக்கிவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவான்.

"அக்கா, அரக்கோணத்துல உங்க மாப்பிள்ளை டாக்ஸி பறக்குது தெரியுமா? நான்தான் கரி போடறேன். ஒரே கரி. அங்க பறக்குது, இங்க தும்முது. உங்க வூட்டுல எதனா கண்ணுபட்டுப் போச்சா?"

"கண்ணுபடலடா, கைபட்டுகீது" என்றாள் ஜெயம்மா. கண்ணையனுக்குப் புரிந்ததோ என்னவோ, சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஆவணியில் சுலோச்சனாவுக்கு வளைகாப்பு. பிறந்த வீட்டுக்காரர்கள் சித்திரான்னம் கொண்டுபோய், வளையல் அடுக்கி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். நம்ம வண்டியிலேயே அழைத்து வருவோம் என்று தணிகாசலம் பிடிவாதமாக இருந்தான். மேட்டில் பெண்ணை இறக்கித் தள்ளச் சொல்வீர்களா என்று ஜெயம்மா கேட்டதற்கு, அவன் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

புளிச்சாதம், எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம். அத்தனைக்கும் அரிசி சேர்த்ததை நினைத்தால் அவளுக்கே மலைப்பாக இருந்தது. அரக்கோணத்து வீட்டில் தெருப் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். சுலோச்சனா மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்துச் சந்தனத்துக்கு மேலே கண்கள் குழிந்திருந்தன. ஜெயம்மா பச்சைக் கண்ணாடி வளையலை அடுக்கும்போது, அவள் விரல்களில் அழியாமல் நின்ற கரியைச் சுலோச்சனா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ராகுகாலத்துக்கு முன்னால் புறப்பட வேண்டும். ஜெயம்மா விசிறியைச் சுற்றினாள்; புகை வந்தது. தணிகாசலம் ஹேண்டில் போட்டான். வண்டி தும்மியது. மறுபடி போட்டான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் வரதராஜனுடைய டாக்ஸி மாலை போட்டுக்கொண்டு நின்றது. வரதராஜன் பட்டு வேட்டியோடு வாசலில் வந்து நின்று, கூடியிருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்:

"மச்சான், வண்டின்னா பொண்டாட்டி மாதிரி. வெச்சிக்கத் தெரியணும். கரியப் போட்டு கரியப் போட்டு கொன்னுட்டீங்க."

சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஜெயம்மா பார்த்தாள். கிருத்திகையன்று தன் முகத்தில் ஒட்டியிருந்த அதே சிரிப்பு.

"அண்ணா" என்றாள். குரல் உயரவில்லை. "எங்க மேக்னெட்டோ எங்க?"

"இன்னாது?"

"பித்தளைப் பட்டை போட்டது. அடியில எங்க வூட்டுக்காரர் பேரு வெட்டிகீது. உங்க டாக்ஸி பானெட்டத் தொறங்க. நான் பாக்கக்கூட வேணாம், தடவியே சொல்றேன்."

"ஜெயா!" என்றான் தணிகாசலம்.

எல்லம்மாள் கூடத்திலிருந்து வந்தாள். "பொண்ணு குடுத்தவங்க பேசற பேச்சா இது? நல்ல நாளும் அதுவுமா?"

"பொண்ணத்தாம்மா குடுத்தோம். மேக்னெட்டோவக் குடுக்கல."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். வரதராஜனின் முகம் கறுத்தது. அவன் ஜெயம்மாவிடம் பேசவில்லை. தணிகாசலத்தைப் பார்த்தான்.

"மச்சான், உன் பொண்டாட்டிய அடக்கு. உன் தங்கச்சிய இட்டுகினு போறதுக்குத்தான் வந்துகீற. இட்டுகினு போ. ஆனா திரும்ப இந்த வாசப்படி ஏறுமான்னு யோசிச்சிக்கோ."

தணிகாசலத்தின் கைகள் கும்பிடுவதற்கு எழும்பின. பாதியில் அவை நின்றன; ஏனென்றால் உள்ளேயிருந்து வளையல் சத்தம் வந்தது. சுலோச்சனா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

"நீ உள்ள போ."

"உள்ளதான் இருந்தேன். டாக்ஸியில பூட்டற வரைக்கும் அந்த மேக்னெட்டோவும் என்கூடதான் சமையல்கட்டுல ஒளிஞ்சி இருந்துச்சு. எங்க அண்ணன் பேர நான்தான் மொதல்ல தடவிப் பாத்தேன். அரத்த வெச்சி ராவிடறேன்னு நீங்க சொன்னப்ப, பட்டை தேஞ்சா கழண்டுக்கும்னு சொல்லித் தடுத்தது யாரு? எங்க அண்ணன் வூட்டுலேந்து யாருனா ஒருத்தர் வந்து கேப்பாங்க, அப்ப அந்தப் பேரு அங்க இருக்கணும்னு தடுத்தேன். நாள் போச்சு, மாசம் போச்சு. ஒருத்தரும் வரல."

அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ என்ன நெனச்சி பயந்துக்கற. இவங்க என்னக் காட்டி பயமுறுத்தறாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னாண்ணா, வாயில அடைக்கிற துணியா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான்.

சுலோச்சனா நிலைப்படிக்கு உள்ளேயே, கதவோரம், வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அத எடுத்து எங்க வண்டியில பூட்டுங்க. அப்பத்தான் இந்த வாசப்படியத் தாண்டுவேன். ராகுகாலம் வந்தாலும் சரி, எமகண்டம் வந்தாலும் சரி."

வளைகாப்பு முடிந்த பெண் புறப்படாமல் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெருப் பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எல்லம்மாளுக்குத் திருட்டு வெளியே வந்தது உறைத்ததோ இல்லையோ, நேரம் போகிறது என்பது உறைத்தது. வாசல் ஆளோடித் தூணின் நிழலைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"டேய், கழட்டிக் குடுத்துத் தொலைடா! என் பேரப்புள்ளைக்கு ஆவாதுடா!"

அந்தத் தெருவில் அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். வரதராஜன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலை போட்ட தன் டாக்ஸியின் பானெட்டைத் தூக்கினான். ஜெயம்மா முக்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். கழற்றியதை அவள் கையை நீட்டி வாங்கினாள். மடியில் வைத்து, அடிப்பக்கம் தடவினாள். புள்ளி புள்ளியாக அப்படியே இருந்தது. அதற்கப்புறம்தான் பூட்டுவதற்குத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். குள்ளக்காரில் அதைப் பூட்டி, காதைச் சாய்த்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அவன் சரிபண்ணியபோது, அவன் முகத்தில் கோபம்கூட மறந்துபோயிருந்தது. சத்தம் நேராகி, சீராகி, ஒரே கோடாக நின்றதும், தன்னை அறியாமல் தலையை ஆட்டிக்கொண்டான். இவ்வளவு தெரிந்த கைதான் அதைச் செய்தது என்று நினைத்தபோது ஜெயம்மாவுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

குள்ளக்காரிலிருந்து கழற்றி அவன் மூலையில் எறிந்திருந்த மட்டமான மேக்னெட்டோவை அவள் போய் எடுத்தாள்.

"அது எதுக்கு? இங்கியே கெடக்கட்டும்" என்றான் வரதராஜன்.

"எங்க வண்டியில வந்ததாச்சே அண்ணா" என்று சொல்லி, சித்திரான்னம் கொண்டுவந்த வெறும் தாம்பாளத்தில் அதை வைத்து, வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டாள்.

வண்டி புறப்பட்டது. முன்னால் தணிகாசலமும் சுலோச்சனாவும். பின்னால் பீப்பாய்ச் சூட்டுக்குப் பக்கத்தில், மடியில் தாம்பாளத்தோடு ஜெயம்மா. ஊரைத் தாண்டியதும் தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே வந்தான்.

"என்ன சொல்லு, மாப்பிள்ளை கைவேலை கைவேலைதான். எப்படி ட்யூன் பண்ணிட்டாரு பாத்தியா? மனசு வெச்சா நல்ல மனுசன்."

ஜெயம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியும் தங்கையும் பிடுங்கிக் கொடுத்ததை, ஊர் எல்லை தாண்டுவதற்குள் மாப்பிள்ளைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டானே! வாயைத் திறந்தாள். முன் சீட்டில் சுலோச்சனாவின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நந்தியாற்றங்கரை மேடு வந்தது. யாரும் இறங்கவில்லை. வண்டி மூச்சு மாறாமல் ஏறியது.

மேட்டின் உச்சியில் சுலோச்சனா திரும்பினாள். "அண்ணி, அந்த ஓட்ட சாமான எதுக்குத் தூக்கிகினு வர?"

"கூடத்துல குத்துவிளக்குப் பக்கத்துல வெக்கறதுக்கு. தீபாவளி, பொங்கலுன்னு மாப்பிள்ளை விருந்துக்கு வருவாரு இல்ல, இலைக்கு நேரா வெக்கறேன். பாத்திரத்துக்குப் பேர் வெட்டறவன் வந்தா, பேரும் வெட்டணும்."

"யாரு பேரு?"

"சீர்ப் பாத்திரத்துல குடுத்தவங்க பேரத்தானே வெட்டறது வழக்கம்."

தணிகாசலத்தின் விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டுவதை நிறுத்திவிட்டன. சுலோச்சனா கையை நீட்டி, இலைக்கடியில் தடவிப் பார்த்தாள்.

"இரும்பாச்சே அண்ணி. உளி ஏறுமா?"

"ஏறுற வரைக்கும் வெட்டச் சொல்றேன்" என்றாள் ஜெயம்மா.